மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த எண்களைச் சொல்லி அனுப்புங்கள்

மதுரையிலும் திண்டுக்கல்லிலும் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கும், மயக்க மருந்து டாக்டர்களுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். ஒரே அறை, ஒரு செல் கவுண்டர், ஒரு செமி ஆட்டோ அனலைசர், ஒரு சென்ட்ரிஃபியூஜ், கரண்ட் போனால் இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நான். ஊரில் எனக்குப் பெயரே லேப் அக்கா. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனார், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்து, தடியன்குடிசை வழியாக வளைந்து வளைந்து இறங்கி, அப்புறம் இன்னொரு பஸ் மாறித்தான் உங்களிடம் வந்து சேர வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது எல்லாம், அதாவது ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுக்கிற ரத்த எண்களின் அர்த்தத்தைச் சொல்லி அனுப்புங்கள் என்பதெல்லாம், சுற்றிச் சுற்றி அந்த ரோட்டில்தான் வந்து நிற்கும்.

என் பெரியப்பாவுக்கு 64 வயது. காப்பியும் மிளகும் கலந்த ஒன்றரை ஏக்கர். பாதி நாள் அவர் அதில் நிற்பார், பாதி நாள் காட்டுமாடு நிற்கும். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிட்டார். பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் வேட்டி நழுவ ஆரம்பித்த பிறகுதான் பெரியம்மா என்னிடம் வந்து சொன்னார். காப்பி மூட்டை போடும் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 52 கிலோ. அதே தராசில் ஐந்து மாதத்துக்கு முன்னால், மூட்டைகளுக்கு நடுவில் விளையாட்டாக ஏறி நின்றபோது 61 இருந்தது. அந்த விளையாட்டு மட்டும் நடக்காமல் போயிருந்தால் எவ்வளவு குறைந்தது என்று எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஒன்பது கிலோ, கிட்டத்தட்ட 15 சதவீதம்.

கீழே கொண்டு போனோம். ஸ்கேன், பயாப்சி எல்லாம் ஆகி, பெருங்குடலின் இடது பக்கம் கட்டி, வெட்டி எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை, எங்கே போயிருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் தேதி 26 நாள் தள்ளிக் கிடைத்தது. ரத்தப் பரிசோதனையை உங்கள் ஊரிலேயே எடுத்து ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை எடுத்தது நான்தான். மெஷினில் ஓட்டினதும், ரிப்போர்ட் அச்சடித்ததும், கவரில் போட்டு ஒட்டினதும் நான்தான்.

மொத்த வெள்ளை அணு 8,600. அதில் நியூட்ரோஃபில் 76 சதவீதம், லிம்போசைட் 14 சதவீதம். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதமான ஆல்புமின் 3.1.

ஆல்புமினுக்குப் பக்கத்தில் குறைவு என்பதற்கு அடையாளமாக 'எல்' என்று ஒரு எழுத்து விழுந்தது, லிம்போசைட்டுக்கும் அப்படியே. வழக்கமாக விழுவதுதான், தினமும் பத்துப் பேருக்கு விழும். நானும் அதைத் தாண்டிப் போனேன். ஆபரேஷனைத் தாங்குவார் என்று ஃபிட்னஸ் கொடுத்தவரும் ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். அந்த நாலு எண்களையும் வைத்து ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரிய வந்தபோது பெரியப்பா ஐ.சி.யு.வில் இருந்தார்.

கணக்கு உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆல்புமினை 10ஆல் பெருக்கு, 31. ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை லிம்போசைட் என்று பார், 8,600இல் 14 சதவீதம், அதாவது 1,204, அதை 0.005ஆல் பெருக்கு, 6. கூட்டினால் 37. ஜப்பானில் ஒனோடெரா என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 1984இல், வயிறு குடல் ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்காகப் போட்ட கணக்கு இது. 45க்கு மேலே என்றால் தைரியமாகச் செய்யலாம், 40க்குக் கீழே என்றால் குடலை வெட்டி ஒட்டுவதில் ஆபத்து அதிகம், யோசி என்றார்கள். அப்புறம் 76ஐ 14ஆல் வகுத்தால் 5.4. நியூட்ரோஃபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம். இதற்குக் கோடு எங்கே போடுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, ஒரு ஆய்வில் 3, இன்னொன்றில் 5, ஆனால் எந்தக் கோட்டை எடுத்தாலும் பெரியப்பா அதற்கு அந்தப் பக்கம்தான். மூன்றாவது ஸ்காட்லாந்தில் இருக்கிற கிளாஸ்கோ ஊர்க்காரர்களின் மதிப்பெண், 2003இல் வந்தது. முதலில் ஆபரேஷன் செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்குப் பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் திருத்தி, குடல் கட்டியை அறுத்து எடுப்பவர்களுக்கும் பார்த்தார்கள். அது இன்னும் சுலபம். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஒரு மார்க், அதோடு ஆல்புமினும் 3.5க்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டு மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் அதிகம் வாங்கினால்தான் தோல்வி. பெரியப்பாவுக்கு வார்டில் சேர்ந்த அன்று எடுத்த சி.ஆர்.பி. 38 என்று ஃபைலில் இருப்பதைப் பின்னால் பார்த்தேன். இரண்டுக்கு இரண்டு.

சி.ஆர்.பி. ஏறுகிறது, ஆல்புமின் இறங்குகிறது, இரண்டும் ஏன் ஒன்றாக நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் யானையை வைத்துத்தான் சொல்வேன். யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் அன்றைக்கு யாரும் காப்பி பறிக்கப் போக மாட்டார்கள். தகரமும் பட்டாசும் பந்தமுமாக எல்லோரும் காவலுக்குப் போய்விடுவார்கள். யானை ஒரு வாரம் சுற்றினால் ஒரு வாரம் பழம் செடியிலேயே காய்ந்து உதிரும். கல்லீரலும் அப்படித்தான். சாதாரண நாளில் அதற்கு ஆல்புமின் செய்வது தினப்படி வேலை. உடம்பில் கட்டி உட்கார்ந்து ஓயாமல் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தால், இன்டர்லூக்கின் 6 என்று அந்த மணிக்குப் பெயர், கல்லீரல் தினப்படி வேலையை விட்டுவிட்டு சி.ஆர்.பி. மாதிரி காவல் புரதங்களைச் செய்யக் கிளம்பிவிடும். அதற்குச் சரக்கு வேண்டுமே, தொடையிலும் தோளிலும் இருக்கிற சதையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ரத்தக் குழாயிலிருந்து ஆல்புமின் வெளியே கசிந்து போவதும் கூடுகிறது. பெல்ட்டில் ஓட்டை போதாமல் போவது அந்தச் சதை கரைவதால்தான். சாப்பாடு குறைந்ததால் மட்டும் ஆள் இளைப்பதில்லை.

அதனால் ஆல்புமினைச் சாப்பாட்டின் அளவுகோல் என்று மட்டும் நினைப்பது தப்பு என்று இப்போது எனக்குப் புரிகிறது. காலேஜில் அப்படித்தான் படித்தேன். டிப்ளமோ புத்தகத்தில் ஒற்றை வரி, ஆல்புமின் குறைந்தால் சத்துக் குறைவு. இந்த எண் நெருப்பையும் காட்டுகிறது, விறகு தீர்ந்துபோவதையும் காட்டுகிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை, அதற்குத்தான் பக்கத்தில் சி.ஆர்.பி.யை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் கிளாஸ்கோக்காரர்கள். ஆல்புமினுக்கு ரத்தத்தில் அரை ஆயுள் சுமார் 20 நாள், சி.ஆர்.பி.க்கு 19 மணி நேரம். ஒன்று போன மாதத்துச் சங்கதியையும் சேர்த்துச் சொல்லும், மற்றது நேற்றைய சங்கதியைச் சொல்லும்.

இதெல்லாம் நேற்று வந்த ஞானமும் இல்லை. 1936இலேயே அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடையை மட்டும் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்னால் 20 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார், மற்றவர்களில் நூற்றுக்கு மூன்று நாலு பேர். அவரிடம் அனலைசரும் இல்லை, ஃபார்முலாவும் இல்லை. எங்கள் வீட்டுக் காப்பித் தராசு மாதிரி ஒரு தராசு இருந்திருக்கும்.

சரி, அந்த 26 நாளுக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

அந்த 26 நாளும் பெரியப்பா வீட்டில் கஞ்சி குடித்தார். யாரும் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. 'நல்லா சாப்பிடுங்க' என்று ஒருவர் சொன்னார், அதை வணக்கம் மாதிரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். யாரும் சொல்லாத இடத்தில் ஊர் சொல்லும். கட்டிக்குத் தீனி போடக் கூடாது என்று ஒருவர், முட்டை சூடு என்று ஒருவர், பால் சளி, கறி கட்டியை வளர்க்கும், பருப்பு வாயு. கடைசியில் மிஞ்சியது அரிசிக் கஞ்சியும் ரசமும், பார்க்க வந்தவர்கள் வாங்கி வந்த பிஸ்கட்டும். நான் ஒரு நாள் நாட்டுக்கோழி முட்டை ரெண்டு அவித்துக் கொண்டுபோனேன். 'என்ன பாப்பா, இதைத் தின்னா எனக்கா போகும்? அதுக்குத்தான போகும்' என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார், நான் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் கீழே இருக்கிற டாக்டர் ஒரு சீட்டில், உங்கள் மார்க் 37, இதை ஏற்ற வேண்டும், தினம் மூணு முட்டை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தின்றிருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

ஒரு 50 கிலோ ஆளுக்கு, இந்த நிலைமையில், ஒரு நாளைக்கு 60லிருந்து 75 கிராம் புரதம் வேண்டும் என்பது உங்கள் வழிகாட்டிகளில் இருக்கிற கணக்கு. கிலோவுக்கு 1.2லிருந்து 1.5. ஒரு முட்டையில் 6 கிராம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, அதில் சுமார் 220 கிராம் புரதம் இருக்கும், வீட்டில் யாரும் தொடாமல் முழுசாக அவருக்கே கொடுத்தாலும் மூணரை நாளைக்கு வரும். கஞ்சியை நம்பி உட்கார்ந்தால் அண்டா அண்டாவாகக் குடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் எங்கள் மலையில் பொருளுக்குப் பஞ்சம் இல்லை. மொச்சை விளைகிறது, பட்டர் பீன்ஸ் விளைகிறது, கோழி இருக்கிறது, வத்தலக்குண்டுச் சந்தையிலிருந்து நெத்திலிக் கருவாடு வருகிறது, பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் விழுந்து அழுகுகிறது, புரதம் இல்லாவிட்டாலும் கொழுப்புச் சத்தாவது அதில் இருக்கிறது. இல்லாமல் போனது ஒரு சீட்டு.

ஐரோப்பாவில் சத்துணவு மருத்துவத்துக்கென்று இருக்கும் சங்கம், எஸ்பென் என்பார்கள், ரொம்ப மெலிந்து ஆபத்தில் இருப்பவர்களுக்கு 7லிருந்து 14 நாள் சத்து ஏற்றிவிட்டு அப்புறம் பெரிய ஆபரேஷனுக்குப் போங்கள், புற்றுநோய் ஆபரேஷனாக இருந்தாலும், அதற்காகத் தேதி கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்கிறது. ஆறு மாதத்தில் 10லிருந்து 15 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தவர்களையும், ஈரல், சிறுநீரகக் கோளாறு இல்லாமலே ஆல்புமின் 3க்குக் கீழே போனவர்களையும் அந்த வரிசையில் வைக்கிறது. எங்களுக்குத் தேதியைத் தள்ளிப்போடவே தேவை இருந்திருக்காது, பாருங்கள். படுக்கை காலி இல்லை, காப்பீட்டு அட்டைக்கு ஒப்புதல் வர வேண்டும், லிஸ்டில் இடம் வர வேண்டும் என்று 26 நாள் சும்மாவே கையில் கிடைத்தது. 14 நாளைப் போல இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட. அதைக் கஞ்சியில் கரைத்துக் குடித்துவிட்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். ஐந்தாம் நாள் மலம் போனது, இட்லி சாப்பிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சீக்கிரம் எழுப்பி, சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது நல்ல முறை, டென்மார்க்கில் கெலெட் என்ற டாக்டர் 90களில் ஆரம்பித்து வைத்தது, உலகம் முழுக்க அதனால் நன்மைதான், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முறையில், வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது ஒன்று என்றால் உடனே திரும்பி வந்துவிடலாம் என்கிற எண்ணம் சொல்லாமலே உள்ளே இருக்கிறது. எங்கள் ரோட்டை அந்த எண்ணம் பார்த்ததில்லை. வாடகைக் காரில் மலை ஏறும்போதே தடியன்குடிசைக்கிட்டே அவருக்குக் குளிர் எடுத்தது. மலைக் குளிர் என்று போர்வை போர்த்தினோம். ராத்திரி காய்ச்சல், விடிவதற்குள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. மூணு மணிக்கு ஜீப். பெரும்பாறைப் பக்கம் ரோட்டில் காட்டுமாடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தது, ஹார்ன் அடிக்கவும் பயம், நிற்கவும் பயம்.

ஒட்டின இடம் கசிந்திருந்தது. திரும்பத் திறந்தார்கள், மலம் வெளியே போக வயிற்றில் பை வைத்தார்கள், தையல் பிரிந்தது, 41 நாள் ஆஸ்பத்திரி. எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் நல்லது என்ற கீமோ 13ஆவது வாரம் ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு தேறுவது தள்ளிப்போனால் அதோடு போவதில்லை, புற்றுநோய்க்குக் கொடுக்க வேண்டிய மருந்தும் சேர்ந்து தள்ளிப்போகிறது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆல்புமின் நாலரை இருந்த ஆளுக்கும் கசியும். 37 மார்க் வாங்கினவர்களில் எத்தனையோ பேர் பத்தாம் நாள் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். இந்த எண்கள் நூறு பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பேசும், ஒரு பெரியப்பாவைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது. அவருக்குக் கசிந்தது சத்துக் குறைவால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், உங்கள் மேல் கேஸ் போட எழுதுகிற காகிதமும் இல்லை இது.

ஆனால் ஐந்தாம் நாள் அனுப்பும்போது ஒரு சி.ஆர்.பி. பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். எந்த ஆபரேஷனுக்கு அப்புறமும் சி.ஆர்.பி. ஏறும், இரண்டு மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய் அப்புறம் மளமளவென்று இறங்க வேண்டும். குடல் ஆபரேஷன் செய்தவர்களைப் பற்றி 2014இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு தொகுப்பு வந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். மூன்றாம் நாள் 172, நாலாம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்று கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு 97 பேருக்குக் கசிவு இல்லை. மேலே இருந்தால் எல்லோருக்கும் கசிவு என்று அர்த்தம் இல்லை, ஐந்தில் ஒருவருக்குத்தான். அதாவது, பயமுறுத்துவதற்கு இந்த எண் அவ்வளவாக லாயக்கில்லை, 'தைரியமாகப் போ' என்று சொல்வதற்கு ரொம்ப லாயக்கு. மதுரைக்குள் வீடு இருக்கிறவர்களுக்கு அந்தத் தைரியம் பெரிய விஷயமாகத் தெரியாது. பாச்சலூருக்கும் கே.சி.பட்டிக்கும் மன்னவனூருக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கு அதுதான் எல்லாம். கோட்டுக்கு மேலே இருந்தால் இன்னும் இரண்டு நாள் கீழேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லுங்கள். தங்கிவிடுவோம்.

உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டு என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் ரிப்போர்ட் அனுப்புகிற ஒரு டாக்டரே சொன்னார். ஆல்புமின் குறைவு என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் ஓடிப்போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆல்புமின் பாட்டில் வாங்கி ஏற்றச் சொல்லி நச்சரிப்பார்கள் என்றார். உண்மைதான். ரிப்போர்ட்டில் எண்ணை ஏற்றுவதற்காகப் பாட்டில் ஏற்றுவது, மழை அளக்கிற குப்பியில் நாமே தண்ணீர் ஊற்றுவது மாதிரி. அதனால்தான் எண்ணை மட்டும் சொல்லாமல், என்ன செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். இரண்டு வாரத்தில் ஆல்புமின் எண் பெரிதாக ஏறாமல் போகலாம், அதற்குள் அவர் நடக்கிற தூரம் ஏறும், கைப்பிடியின் பலம் ஏறும், எடை மேலும் இறங்காமல் நிற்கும், அதுவே தையலுக்குப் போதுமான சரக்கு.

எனக்கு வேறொரு பயம் இருக்கிறது, அதைத்தான் சொல்லத் தயங்குகிறேன். இந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் தாங்க மாட்டார், வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. எங்கள் பக்கம் பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வருவார், எந்த நோயும் இல்லாத நாளிலேயே ஆல்புமின் 3.4, ஹீமோகுளோபின் 9. குடலில் பூச்சி, வருஷக்கணக்கில் ஒரு வேளைச் சோறு. அவருக்கு நாளைக்குக் கட்டி வந்தால் கிளாஸ்கோக்காரர் ஆல்புமினுக்குப் போட்ட கோட்டில் முதல் நாளே தோற்றுப்போய்த்தான் நிற்பார். ஜப்பானிலும் ஸ்காட்லாந்திலும் கிழித்த கோடு எங்களுக்கு எங்கே விழ வேண்டும் என்பதை இங்கே ஆபரேஷன் செய்கிறவர்கள்தான் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கும் முதலில் எண்களை எழுத வேண்டும். மார்க் மோசமானவருக்கு இன்னும் பத்து நாள் கூடக் கொடுங்கள், இன்னும் இரண்டு முட்டை கூடச் சொல்லுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற லேப்களில் பலரும் சி.ஆர்.பி.யை லேடெக்ஸ் சொட்டு வைத்து, கட்டி கட்டியாகத் திரிந்தால் பாசிட்டிவ், திரியாவிட்டால் நெகட்டிவ் என்று எழுதிக் கொடுக்கிறோம். 6க்கு மேலே போனாலே திரியும். 8ம் பாசிட்டிவ், 180ம் பாசிட்டிவ். உங்களுக்கு அது பிரயோஜனம் இல்லை, எண்ணாகக் கேளுங்கள், செமி ஆட்டோ அனலைசரிலேயே ரீஜென்ட் வாங்கிப் போடலாம், நான் வாங்கிவிட்டேன். அப்புறம் அலகு. ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும், இன்னொன்று டெசிலிட்டருக்கு எழுதும், 3.8ம் 38ம் ஒன்றுதான், அவசரத்தில் பார்க்கிறவருக்குப் பத்து மடங்கு தப்பு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாலும், காய்ச்சலில் வந்தாலும் நியூட்ரோஃபில் கணக்கு குழம்பும், ஈரல் கெட்டவருக்கும் சிறுநீரில் புரதம் போகிறவருக்கும் ஆல்புமின் வேறு காரணத்துக்காகக் குறையும், இதையெல்லாம் கேட்டு ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவது எங்கள் வேலை, நாங்கள் செய்வதில்லை. நான் இப்போது எழுதுகிறேன். தராசும் ஒன்று வாங்கி வாசலில் போட்டிருக்கிறேன், மலைக்கு வந்து போகும் மக்களைத் தேடி மருத்துவம் தங்கச்சிமாரிடமும் சொல்லியிருக்கிறேன், எடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று.

ஆனால் லேப் வைத்திருப்பவள் வைத்தியம் சொல்லக் கூடாது. நான் எண்ணை எழுதலாம், அர்த்தத்தை எழுத முடியாது. அது சரியான விதிதான், மீறவும் எனக்கு ஆசை இல்லை. அர்த்தத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை ஆபரேஷன் தேதி கொடுக்கிற அன்றைக்கே எழுதுங்கள், வார்டில் சேர்கிற அன்றைக்கு எழுதினால் எங்களுக்குப் பயனில்லை. புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை, பெரும்பாலான எண்கள் உங்கள் ஃபைலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஸ்கேனில்கூட மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் சதை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க முடியும் என்கிறார்கள், கட்டியைப் பார்க்க எடுத்த அதே ஸ்கேன்தான். சி.ஆர்.பி. ஒன்று மட்டும் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

பெரியப்பா இப்போது இருக்கிறார். பையை எடுத்து உள்ளே சேர்த்தாகிவிட்டது, கீமோவும் முடிந்தது, மிளகைக் காயப்போட்டுவிட்டுக் காகத்தை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 58 கிலோ. முட்டை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், 41 நாளில் ஆஸ்பத்திரியில் தின்றதே இந்த ஜென்மத்துக்குப் போதும் என்கிறார்.

வருகிற செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மங்களங்கொம்பிலிருந்து ஒரு அம்மா உங்களில் ஒருவரிடம் வருகிறார். வயிற்றில் கட்டி, ஆபரேஷன் தேதி வாங்கத்தான் வருகிறார். ஆல்புமின் 3.3, லிம்போசைட் 1,300, சி.ஆர்.பி. 22, மூணு மாதத்தில் ஆறு கிலோ போயிருக்கிறது, ஸ்டீராய்டு இல்லை, காய்ச்சல் இல்லை. ரிப்போர்ட்டின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் நாலு கோழி இருக்கிறது, மகன் சொன்னதைக் கேட்பான். அவரை அனுப்பும்போது பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் இருக்கிறது, அந்த நாட்களில் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சாயங்காலப் பஸ் போய்விடும், கொஞ்சம் சீக்கிரமாகப் பார்த்து அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
தாண்டிக்குடிப் பக்கம் லேப் அக்கா